ஒரு விரல் உயரப் புல்

மழை பெய்ததற்காக அந்த மாட்டுக்காரர் வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்.

பின்னே? நான்கு மாதம் ஒரு சொட்டு விழவில்லை. மேய்ச்சல் நிலம் கட்டாந்தரையாகி, முப்பது மாடும் எலும்பும் தோலுமாய் நின்றன. வறட்சி நிவாரணத்தில் தீவனம் கேட்டு, செருப்புத் தேய அலைந்து விண்ணப்பம் போட்டார். நாளைக் காலையில் அதிகாரி வருகிறார். போன வாரம் பெய்த மழையில் நிலமோ பச்சைப்பசேல் என்று கிடக்கிறது!

"ஒரு விரல் உயரம்தான் இருக்கு. மாடு நாக்கால வளைச்சு இழுத்துத்தான் மேயும். இதை அதால புடிக்கவே முடியாது. அதிகாரிக்கு இதெல்லாம் புரியுமா? 'அதான் புல்லு இருக்கே'ன்னு எழுதிட்டுப் போயிடுவாரு. தீவனம் வரலைன்னா பாதி மாடு செத்துப்போயிடும்டி!"

"சும்மா புலம்பாதீங்க," என்றாள் மனைவி. "ஆடு தரையோட ஒட்ட மேயும்ல? என் தம்பிகிட்ட இருநூறு ஆடு இருக்கு."

"உன் தம்பியா?" என்று முகத்தைச் சுளித்தார். ஆனால் ஆபத்துக்குப் பாவமில்லை. போன் போட்டார்.

"அதுக்கென்ன மாமா, இதோ வந்துட்டேன்!" என்றான் மச்சான்.

ஆடுகளைச் சும்மா சொல்லக்கூடாது. சாயங்காலத்துக்குள் நிலத்தையே மொட்டை அடித்துவிட்டன. அதோடு விட்டனவா? தொட்டித் தண்ணீரையும் ஒரு சொட்டு பாக்கியில்லாமல் குடித்துத் தீர்த்தன. தாகத்தில் மாடுகள் போட்ட கூச்சலில் மனைவி காதைப் பொத்திக்கொண்டாள்.

"கவலைய விடுங்க மாமா," என்றான் மச்சான். "என் தொட்டி நிரம்பி வழியுது. ஆட்டோட மாட்டையும் ஓட்டிட்டுப் போறேன். நாளைக்கு வந்து கூட்டிக்கோங்க."

இப்படிப்பட்ட பிள்ளையைப் போய்த் தப்பாக நினைத்துவிட்டோமே என்று மாட்டுக்காரருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

பிறகு புருஷனும் பெண்டாட்டியும் இடுப்பு ஒடிய ஆட்டுப் புழுக்கையைப் பெருக்கினார்கள். ஒன்று கிடந்தாலும் குட்டு உடைந்துவிடும் அல்லவா?

காலையில் ஜீப் வந்தது. அதிகாரி இறங்கியதும் மாட்டுக்காரர் அவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறைதான்.

"பாருங்க சார்! பல்லுக் குத்தக்கூட ஒரு புல் இல்ல!"

"நிலத்தை நான் எதுக்குய்யா பாக்கணும்? வறட்சி அப்பவே சாட்டிலைட்ல படம் எடுத்து, எல்லாம் பதிஞ்சாச்சு. எத்தனை மாடோ அத்தனைக்குத்தான் தீவனம். எண்ணிட்டுப் போகத்தான் வந்தேன். மாடு எங்க?"

மாட்டுக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"பக்கத்துலதான் சார்... என் மச்சான் வீட்டுல. இருநூறு ஆடு நிக்குமே, அந்த வீடு. வாங்க, அஞ்சே நிமிஷம்!"

ஜீப்பில் சாய்ந்திருந்த டிரைவர் பாதிக் கொட்டாவியில் வாயை மூடினார்.

"ஆட்டோட நின்னுச்சே, அந்த முப்பது மாடா? இப்பதானே எண்ணிட்டு வர்றோம்... எல்லாம் தன்னோடதுன்னு உங்க மச்சான் கையெழுத்தே போட்டுட்டாரே!"