சித்திரையில் நான் கண்டுபிடித்த ஊற்று

வேளாண்மைப் பட்டம் வாங்கியவனுக்கு மண்ணும் தண்ணீரும் அத்துப்படி என்று இருபத்து மூன்று வயது வரை நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையைத் தீர்த்துக்கட்டியது மூன்று கை தண்ணீர்.

எண்பதுகளின் தொடக்கம். இரண்டு வருடமாக மழை தவறியிருந்தது. கொடைக்கானல் மலையில் பேத்துப்பாறைக்கு அருகே, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து குடியேறியவர்களின் முப்பது வீடுகள். இனி மழை பழையபடி பெய்யாவிட்டால் அவர்கள் எதைப் பயிரிடுவது, தண்ணீருக்கு எங்கே போவது என்று திட்டம் போடும் பொறுப்பை ஒரு தொண்டு நிறுவனம் என்னிடம் கொடுத்தது. (வேறு ஆள் கிடைக்கவில்லை.)

சித்திரையில் மூன்று வாரம் மலையை அளந்தேன். சரிவில் வற்றாத ஊற்று ஒன்றை நானே கண்டுபிடித்தேன். அதற்குக் கீழே நீல மையில் குடிநீர்த் தொட்டி வரைந்து, கொடைக்கானலில் வெந்நீர் வசதியுள்ள அறையில் உட்கார்ந்து நாற்பது பக்கம் எழுதினேன்.

வைகாசியில், தொட்டிக்கு அனுமதி தர வேண்டிய அதிகாரி மதுரையிலிருந்து வந்தார். அவர் தலையசைத்தால்தான் அந்த ஊர்ப் பெண்கள் சோலைக்காடு வரை ஏறிப்போய்க் குடம் சுமப்பது நிற்கும். ஊர் சார்பில் தெய்வானை அக்கா எங்களோடு வந்தார். கொழுந்து பறித்தே கை காய்த்தவர்.

"தம்பி, அந்தச் சரிவுத் தண்ணிக்கா போறம்?" என்று வழியில் கேட்டார்.

"நீங்க சும்மா வாங்கக்கா," என்றேன். (நினைத்தால் இன்றும் என்னை நானே அறையத் தோன்றுகிறது.)

ஊற்று சலசலத்தது. ஏறிவந்த களைப்பில் அதிகாரி இரண்டு கை அள்ளிக் குடித்தார்.

"என்னப்பா, ஒரு வாசம் வருது?"

"மூலிகைங்க சார். உடம்புக்கு நல்லது."

அவர் இன்னொரு கை குடித்தார். தெய்வானை அக்காவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"தொரை, அது சவுக்கார வாசம். மேல பங்களாவுல சீசனுக்கு வந்தவங்க குளிக்கிற தண்ணிங்க இது. அவங்க எறங்கிப் போனா இதுவும் நின்னு போகும்."

கீழே முப்பது குடும்பங்கள் குடத்தோடு அலைய, மேலே யாரோ சாவகாசமாக முதுகு தேய்த்துக்கொண்டிருந்தார். நான் அவருக்குக் கீழே குடிநீர்த் தொட்டி வரைந்திருந்தேன்.

அதிகாரி கைக்குட்டையால் நாக்கைத் துடைத்தார்.

"ஏங்க்கா முன்னாடியே சொல்லல?" என்று முனகினேன்.

"மூணு வாரமா அளந்தீங்க, எழுதுனீங்க. எங்ககிட்ட ஒரு வார்த்த கேக்கலையே, தம்பி."

பிறகு பேசியதெல்லாம் அவர்தான். "சோலைக்குள்ள இருக்கிற ஊத்து இந்த ரெண்டு வருசத்துல சுருங்குச்சு, ஆனா நிக்கல. அங்கிருந்து கொழா போடுங்க. சுத்தி மரத்த வெட்ட விடாதீங்க. மழை பிந்துனா உருளைக்கெழங்கு சரிப்படாது, பீன்ஸ் வெத குடுங்க."

அதிகாரி அதையெல்லாம் என் வரைபடத்தின் பின்புறம் எழுதிக்கொண்டார். என் நாற்பது பக்கத்தில் அவருக்குப் பயன்பட்டது அந்த வெற்றுப் புறம் மட்டும்தான். ஒரு வருடத்திற்குள் குழாயும் தொட்டியும் வந்தன.

அந்த அதிகாரிதான் பின்னாளில் எனக்குப் பெண் கொடுத்தார். (மன்னித்தாரா, பழிவாங்கினாரா என்று இன்னும் விளங்கவில்லை.) அவர் எங்கள் வீட்டுக்கு வரும் நாட்களில் நான் துண்டோடு குளியலறைப் பக்கம் நகர்ந்தால் போதும், அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வரும்:

"வெரசா குளிங்க. அப்பாவுக்குத் தாகமா இருக்காம்."