காய்ச்சல் மாணவருக்கே வந்திருக்க வேண்டும்

மதிப்பிற்குரிய இயற்கணித விரிவுரையாளர் அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் வகுப்பின் முப்பத்து நான்காம் எண் மாணவியும் தங்களுக்கு இருக்கும் ஒரே தங்கையுமாகிய நான் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், தங்கள் மாப்பிள்ளை, தங்கள் மருமகள் மூவரும் நலம். மருமகளுக்கு இருமல் மட்டும் கொஞ்சம் பாக்கி. அங்கே தாங்களும் அண்ணியும் தாங்கள் பெற்று வளர்த்த பதினாறு பக்க விதிமுறைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முறையீடு எதுவானாலும் இரண்டு வேலை நாட்களுக்குள் எழுத்தில் தர வேண்டும் என்பது விதி இருபத்து மூன்று. இன்று பதினோராவது நாள். எனவே இது முறையீடு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தங்கை அண்ணனுக்கு எழுதும் கடிதம் என்றும் வைத்துக்கொள்ள முடியாது, ஏனென்றால் "உறவு முறையால் ஆசிரியரை அறிந்தவர்கள் வீட்டிலோ தெருவிலோ விருந்திலோ பாடம் பற்றிப் பேசலாகாது" என்று விதி பதினேழில் போட்டிருக்கிறீர்கள். முப்பத்து நான்கு பேர் படிக்கிற வகுப்பில் உறவு முறையால் உங்களை அறிந்தவள் நான் ஒருத்திதான். எனக்காகவே ஒரு விதி எழுதிய பாசத்தை நினைத்தால் கண் கலங்குகிறது.

இந்தப் பாடத்துக்கு நான் ஏன் வந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். விரிவுரையாளருக்குத் தெரியாதே, அதனால் எழுதுகிறேன். கணக்கைக் கண்டு பயந்து ஓடிப்போய்ச் சரித்திரம் படித்துப் பட்டம் வாங்கியவள் நான். இப்போது ஆஸ்பத்திரி மருந்தகத்தில் அட்டைப்பெட்டி எடுத்துக் கொடுக்கும் வேலை, பிற்பகல் இரண்டிலிருந்து இரவு பத்து வரை. நான் வீடு திரும்பும்போது பிள்ளை தூங்கியிருக்கும். மருந்தாளுநர் பயிற்சியில் சேர்ந்துவிட்டால் பகல் வேலை கிடைக்கும். எங்கள் மருந்தாளுநர் அம்மா எனக்காக ஓர் இடம் பிடித்து வைத்திருக்கிறார். "சீட்டு உனக்குத்தான், அடிப்படை இயற்கணிதம் பாஸ்னு ஒரு தாள் கொண்டா போதும்" என்றார். இந்தப் பருவத்தில் பெயர் நீக்கப்பட்டால் அடுத்த முறை இந்தப் பாடம் ஓராண்டு கழித்து. அதற்குள் அந்த இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள், என் மகள் என்னைக் காலைநேரத்து மனுஷி என்றே நினைத்து வளர்ந்திருப்பாள்.

சரி, பாடத்துக்கு வருகிறேன். பாடத்துக்கு என்றால் விதிக்கு. முதல் நாள் இரண்டு மணி நேரமும் "எதிர்பார்ப்புகளும் விதிமுறைகளும்" என்ற அந்தப் பதினாறு பக்கத்தை எழுத்து விடாமல் வாசித்தீர்கள், பிறகு அதிலேயே தேர்வு வைத்தீர்கள், அதில் இருபதுக்கு இருபது எடுத்தால்தான் முதல் வீட்டுப்பாடம் கையில் கிடைக்கும் என்றீர்கள், நான் பத்தொன்பது எடுத்தேன், வகுப்புக்கு எத்தனை பென்சில் கொண்டுவர வேண்டும் என்ற கேள்விக்கு இரண்டு என்று எழுதியிருந்தேன், சரியான விடை "குறைந்தது இரண்டு". மறுதேர்வு இரண்டு நாள் கழித்து. அதற்குள் வீட்டுப்பாடம் ஒப்படைக்கும் கெடு தாண்டிவிட்டது, தாமதமான வீட்டுப்பாடத்துக்குப் பூஜ்யம். எக்ஸ் என்ற எழுத்தைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே பூஜ்யம் வாங்கியவள் இந்தக் கல்லூரியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அடுத்தது எதிர்பார்ப்பு. வகுப்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் வீட்டில் மூன்று மணி நேரம் படிக்க வேண்டும். நியாயந்தான். உட்கார்ந்து எழுதிக் கூட்டினேன். வேலை நாற்பத்தெட்டு, பேருந்தில் பன்னிரண்டு, தூக்கம் நாளுக்கு ஆறு வீதம் நாற்பத்திரண்டு, சமையலும் துணியும் இருபத்தெட்டு, பிள்ளை முப்பத்தைந்து, வகுப்பு நான்கு, படிப்பு பன்னிரண்டு. மொத்தம் நூற்று எண்பத்தொன்று. வாரத்தில் இருப்பதோ நூற்று அறுபத்தெட்டு மணி நேரம். அந்தத் தாளை உங்கள் மேசையில் வைத்தேன். இரண்டு நிமிடம் உற்றுப் பார்த்தீர்கள். மனம் இளகுகிறது என்று நினைத்தேன். "கூட்டல் சரியா இருக்கு" என்று சொல்லி ஒரு டிக் போட்டுத் திருப்பிக் கொடுத்தீர்கள்.

சந்தேகம் கேட்கலாம் என்றால் அதற்கு நேரம் செவ்வாய்க்கிழமை மூன்றிலிருந்து நான்கு. அப்போது நான் மருந்தகத்தில் நிற்பேன். ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு வந்தபோது வாய் தவறி, "அண்ணா, இந்த அடைப்புக்குறிக்கு முன்னாடி கழித்தல் வந்தா" என்று ஆரம்பித்துவிட்டேன். நீங்கள் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு எழுந்து குளிக்கப் போய்விட்டீர்கள். அன்று காலைதான் ஒரு தடவை குளித்திருந்தீர்கள்.

அண்ணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "அவர்கிட்ட போய் ஏம்மா கேக்கறே? துண்டை நாலா மடிக்கணுமா மூணா மடிக்கணுமான்னு எனக்கே அலமாரிக் கதவுல ஒட்டி வச்சிருக்காரு."

"நீங்க மீறினதே இல்லையா அண்ணி?"

"மீறாம? அஞ்சா மடிச்சு வச்சிருக்கேன். இன்னும் கண்டுபிடிக்கல."

இதை நான் எழுதியதாக அண்ணியிடம் சொல்ல வேண்டாம்.

வீட்டுப்பாடத்தில் ஒரு மூலையில் உங்கள் மருமகள் பூனை வரைந்துவிட்டாள். "தேவையற்ற படம்" என்று சிவப்பு மையில் எழுதி இரண்டு மதிப்பெண் குறைத்தீர்கள். கணக்கு ஏழும் சரி. தாளை அவளிடம் காட்டினேன். "மாமா எதுக்கும்மா பூனைக்குப் பக்கத்துல எழுதியிருக்காரு?" என்றாள். பூனை நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறார் என்றேன். தாய்மாமன் மானத்தைக் காப்பாற்றியதற்கு எந்த விதியிலும் மதிப்பெண் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.

இனி என் வருகைப் பதிவேடு. மூன்று தாமதம் ஒரு வராமைக்குச் சமம், நான்காவது வராமையில் பெயர் நீக்கம். முதல் தாமதம், உங்கள் வகுப்பறைக் கடிகாரம் உலகத்தைவிட நான்கு நிமிடம் முன்னால் ஓடுவதால். இரண்டாவதும் மூன்றாவதும், நம் வகுப்பில் படிக்கிற பேருந்து ஓட்டுநர் தம்பியால். அவர் வகுப்புக்கு வரும் நாட்களில் அவருடைய வண்டியை எடுக்கும் மாற்று ஓட்டுநருக்கு வழி தெரியாது, அந்த வண்டியில்தான் நான் வருகிறேன், தம்பி வேறு வண்டியில் ஏறி நேரத்துக்கு வந்துவிடுகிறார். நான்காவது, காப்பகத்து வாசலில் பிள்ளை என் முந்தானையை விடாததால். ஐந்தாவது தாமதத்தின்போது நான் வகுப்பறைக்குள்ளேயே இருந்தேன். பென்சில் கூராக இருக்க வேண்டும் என்பது விதி ஆறு, குப்பைக்கூடை பக்கத்தில் நின்று சீவிக்கொண்டிருந்தேன், நீங்கள் பெயர் வாசித்தபோது "இருக்கேன் சார்" என்றேன், "இருக்கைல இல்லையே" என்று தாமதம் போட்டீர்கள். ஓட்டுநர் தம்பி வெளியே வந்து சொன்னார்: "அக்கா, வண்டி லேட்டானா எங்க மேலதிகாரி ஏன்னு கேப்பாரு. இவரு கேக்கறதே இல்ல."

தொலைபேசி ஒலித்தால் ஒரு வராமை. உடம்பு வந்திருந்தாலும் மனம் வரவில்லை என்று கருதப்படுமாம். அன்று காலையிலிருந்தே பிள்ளைக்கு இருமல். என் மனத்துக்கு இருமல் என்றால் நேராக நிமோனியாதான், நடுவில் வேறு நிறுத்தமே கிடையாது. அணைத்து வைக்க மனம் வரவில்லை. ஒலித்தது. உயிர் போய் உயிர் வந்தது. காப்பகத்து அம்மா, "சிவப்பு மூடி போட்ட தண்ணி பாட்டில் உங்க பாப்பாவோடதா?" என்று கேட்டார். இல்லை, எங்களுடையது நீலம். அதற்கு ஒரு வராமை.

அப்புறம் காய்ச்சல். இதைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. இரண்டு வாரத்துக்கு முன்னால் வகுப்பு நாளன்று விடிந்ததும் பிள்ளைக்கு உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. காப்பகத்தில் காய்ச்சல் பிள்ளையை வாங்க மாட்டார்கள். உங்கள் மாப்பிள்ளைக்கு விடுப்பு கிடைக்கவில்லை. நான் வரவில்லை. மருத்துவரிடம் சான்றிதழ் வாங்கி, விதி ஒன்பதில் சொன்னபடி இடது மேல் மூலையில் பின் குத்தி, அடுத்த வகுப்பில் கொண்டுவந்து நீட்டினேன்.

"இது யாருக்குக் காய்ச்சல்?" என்றீர்கள்.

"உங்க மரு... என் பொண்ணுக்கு, சார்."

"இங்க மாணவர் யாரு?"

"நான்தான் சார்."

"உங்களுக்குக் காய்ச்சலா?"

"இல்ல சார்."

"அப்ப இது இந்தப் பாடத்துக்குச் சம்பந்தமில்லாத காய்ச்சல்."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், சிரிக்காமலிருந்தால் அழ வேண்டியிருக்கும். அண்ணா, அந்தச் சம்பந்தமில்லாத காய்ச்சலைப் பார்க்க, அது வந்த அன்று மாலையே கைநிறையப் பொம்மையோடு வந்தவர் யார்? மருமகள் தலைமாட்டில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து நெற்றியில் ஈரத்துணி மாற்றி மாற்றிப் போட்டவர் யார்? வெப்பமானியை வெளிச்சத்தில் பிடித்து "நூத்தி மூணு" என்று சொல்லி எனக்கும் சேர்த்து வியர்க்க வைத்தவர் யார்? சாட்சி வேண்டுமென்றால் உங்கள் வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார், சவரம் செய்யும்போது கண்ணாடியில் அவரைப் பார்க்கலாம். அந்த மாமனுக்கும் இந்த விரிவுரையாளருக்கும் அறிமுகமே இல்லை போலிருக்கிறது. இருந்தால் ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்.

ஆகவே தாமதத்தை எக்ஸ் என்று வைத்துக்கொண்டேன். வராமை இரண்டு, அத்தோடு எக்ஸை மூன்றால் வகுத்துக் கூட்டினால் நான்கு வர வேண்டும். எக்ஸ் சமம் ஆறு. என் கையில் ஐந்து இருக்கிறது. இந்தப் பாடத்தில் யாரும் கொடுக்காமல் நானாகவே அமைத்து நானாகவே தீர்த்த முதல் சமன்பாடு இது. இன்னும் ஒரே ஒரு தாமதம், என் பெயருக்கு மேல் கோடு. நான் கேட்பது ஒன்றே ஒன்று. அந்தக் காய்ச்சல் நாளை மட்டும் பதிவேட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். மற்றதெல்லாம் அப்படியே கிடக்கட்டும், பூனை உட்பட. தங்கை என்பதற்காகக் கேட்கவில்லை. நம் வகுப்பில் படிக்கிற ஆஸ்பத்திரிக் காவலாளி அண்ணனுக்கும் இதே மாதிரி ஒரு காய்ச்சல் பிள்ளை இருக்கிறது, அவருக்கும் எடுத்துவிடுங்கள். அப்போது தங்கைக்கு ஒரு சட்டமா என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

இதை நேரில் உங்கள் கையில் கொடுத்துவிடலாம் என்று முதல் பேருந்தையே பிடித்து இன்று வந்துவிட்டேன். வகுப்பறைக்கு எதிரில் உள்ள பெஞ்சில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். ஒன்பது மணி வகுப்புக்கு எட்டு மணிக்கே ஆஜர். தொலைபேசியையும் அணைத்து வைத்துவிட்டேன், பிள்ளைக்கு இருமல் பாக்கி இருந்தாலும். குறைந்தது இரண்டு பென்சில், நான்கு இருக்கின்றன. எல்லாம் கூர்.

தங்களுக்கு என் வணக்கம். அண்ணிக்கு என் அன்பு. விதி ஒன்று முதல் நாற்பத்தொன்று வரை அனைவரையும் தனித்தனியே விசாரித்ததாகச் சொல்லவும். தாங்கள் நீடூழி வாழ்ந்து, மேலும் பல பக்கங்கள் எழுத வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
நேரத்துக்கு வந்துவிட்ட தங்கை,
எண் 34.

பின்குறிப்பு: நிமிர்ந்து பார்த்தேன். தாழ்வாரத்தில் ஒருவரும் இல்லை. கதவு மூடியிருக்கிறது. கண்ணாடிச் சதுரம் வழியாகப் பார்த்தால் உங்கள் கடிகாரம் ஒன்பது பதினாறு. நான்கைக் கழித்தாலும் ஒன்பது பன்னிரண்டு. ஓட்டுநர் தம்பி "அக்கா, போலாமா?" என்று கேட்டதும், "நீங்க போங்க தம்பி, ஒரு வரிதான் பாக்கி" என்று நான் சொன்னதும் இப்போதுதான் ஞாபகம் வருகிறது. அதற்குப் பிறகு யாரோ வழி கேட்டு நின்றார்கள், தலை தூக்காமல் காலை மட்டும் நகர்த்திக்கொண்டேன். பழுப்புக் காலணி. அது நீங்கள்தான்.

தாமதம் ஆறு ஆகிவிட்டது. அதனால் மேலே எழுதிய எதையும் படிக்க வேண்டாம், காய்ச்சலை எடுக்கவும் வேண்டாம், போடவும் வேண்டாம். இந்தத் தாளை மட்டும் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன். பலகையில் 5 − 2(x − 3) = 1 என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த வரியில் 5 − 2x − 6 என்று விரித்திருக்கிறீர்கள். வெளியே இருக்கும் கழித்தல் உள்ளே இருக்கும் கழித்தலைப் பெருக்கினால் கூட்டல்; அங்கே + 6 வர வேண்டும். நீங்கள் x = −1 என்று முடித்து அடியில் இரண்டு கோடும் போட்டுவிட்டீர்கள். அதை முதல் வரியில் போட்டுப் பாருங்கள், ஒன்றுக்குப் பதில் பதின்மூன்று வருகிறது. முப்பத்து மூன்று பேரும் அதை அப்படியே எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அனுமதி இல்லாமல் பேசக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். நான் இப்போது உங்கள் மாணவி இல்லை, எனக்கு எந்த விதியும் கிடையாது.

x = 5. வெளியேதான் நிற்கிறேன், அண்ணா.