ககனவேந்தன் என்ற கௌதாரி பைலட் ஆன விதம்

ஒரு காட்டில் ஒரு கௌதாரி இருந்தது. அது நான்தான். ஆகவே கதாநாயகனிடம் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

எங்கள் வம்சத்தில் யாரும் வேலியைத் தாண்டிப் பறந்தது கிடையாது. நாய் துரத்தினால் படபடவென்று எழும்பி அடுத்த புதரில் விழுவோம். அப்படிப்பட்ட குடும்பத்தில் அப்பா எனக்கு வைத்த பெயர் ககனவேந்தன், அதாவது வானத்துக்கே ராஜா. பெயரைக் காப்பாற்ற வேண்டுமே! அணில்களையும் ஓணான்களையும் கூடையில் தூக்கிக்கொண்டு ஏரியைக் கடக்கும் கொக்கு கம்பெனியில் பைலட் ஆவதென்று முடிவெடுத்தேன்.

லைசென்ஸ் தரும் அதிகாரி ஆந்தையார்.

"இருநூறு மணி நேரம் பறந்துட்டு வா," என்றார்.

"பறக்கிற வேலை யாரும் தரமாட்டேங்கிறாங்களே ஐயா?"

"அனுபவம் இல்லாதவனுக்கு எவன் தருவான்?"

"அனுபவத்துக்கு எங்கே போறது?"

"வேலைக்குப் போ," என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

குளக்கரையில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த நரியண்ணன்தான் கைகொடுத்தார். "தம்பி, நம்ம கடை விளம்பரத் துணியைக் கால்ல கட்டிக்கிட்டுக் காட்டைச் சுத்தி வா. உனக்கு மணிக்கணக்கு ஏறும், எனக்கு வியாபாரம் ஏறும்."

துணியில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் கேட்கவில்லை. பைலட் என்றால் முன்னால்தானே பார்க்க வேண்டும்?

தினமும் பறந்தேன். கொஞ்ச தூரம் போவேன், பாறையில் மோதுவேன், மூச்சு வாங்குவேன், மறுபடி எழும்புவேன். சாயங்காலம் கடைக்கு மேலே வந்து இறக்கையை மடக்கி விழுவேன். நரியண்ணன் வலை விரித்துப் பிடித்துக்கொள்வார். என்ன அக்கறை! தொடையைக் கிள்ளிப் பார்த்து, "இன்னும் தேறணும் தம்பி," என்று கம்பும் சோளமும் அள்ளிப் போடுவார். பெற்ற தாய்கூட இப்படிக் கவனித்ததில்லை.

கீழே கீரியும் காட்டுப்பூனையும் என்னை அண்ணாந்து பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டும். ரசிகர்கள் என்று நினைத்து நான் வாலை ஆட்டிக் காட்டுவேன்.

மாதக்கணக்கில் பறந்து, இன்னும் ஒரு பகல்பொழுது பறந்தால் கணக்கு முடியும் என்ற நாள் வந்தது. பக்கத்தில் ஒரு காக்கை பறந்து வந்தது.

"எலே வேந்தா, உன் பின்னாடி என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா?"

"என்ன?"

"சுடச்சுடக் கௌதாரி வறுவல். இன்று மட்டும்."

"நேத்து?"

"நேத்து வரைக்கும் 'விரைவில்'னு போட்டிருந்துச்சு."

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"உன் கடை விளம்பரம், உனக்குத் தெரியாதான்னு நெனச்சேன்."

கீழே பார்த்தேன். கீரி, காட்டுப்பூனை, அதன் மாமனார் வீட்டார் எல்லோரும் கையில் இலையோடு வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் நரியண்ணன், தோளில் வலை. நான் கிழக்கே போனால் பந்தி கிழக்கே வந்தது. மேற்கே திரும்பினால் மேற்கே வந்தது. காலில் கட்டிய துணியை அவிழ்க்கவும் முடியவில்லை. இறங்கினால் இலை.

அன்று நான் பறந்த பறப்பைப் பருந்துகூடப் பறந்ததில்லை. அழுதுகொண்டே பறந்தேன். அப்பாவைத் திட்டிக்கொண்டே பறந்தேன். பொழுது சாயும் நேரம் துணி ஒரு கருவேல முள்ளில் மாட்டிக் கயிறு அறுந்தது. பந்தி துணிக்கடியிலேயே உட்கார்ந்துவிட்டது. நான் தலைகுப்புறப் போய் ஒரு மரப்பொந்துக்குள் விழுந்தேன். விழுந்தது ஆந்தையார் மேல்.

அவர் கண் விழித்து, என்னை மேலும் கீழும் பார்த்தார். "இருநூறு ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சுங்கய்யா."

எப்படி ஆனது என்று அவர் கேட்கவில்லை. லைசென்ஸைக் கொடுத்துவிட்டு மறுபடி தூங்கினார்.

மறுநாள் கொக்கு கம்பெனிக்குப் போனேன். முதலாளிக் கொக்கு ஒற்றைக்காலில் நின்றபடி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இதுவரைக்கும் எத்தனை தடவை ஒழுங்கா இறங்கியிருக்கீங்க?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "இறங்கினதே இல்லீங்க. விழுந்திருக்கேன்."

கொக்கு காலை மாற்றி நின்றார். "பரவாயில்லை. நம்ம பயணிங்க ஏறுறதுக்குத்தான் அடிச்சுக்குவாங்க. இறங்குறதைப் பத்தி எவனும் இதுவரை கேட்டதில்லை. நாளைக்கே வந்துடுங்க."

வந்துவிட்டேன். முதல் கூடையில் ஓர் அணில் குடும்பம் ஓரத்து இடத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. நான் தொண்டையைச் செருமி, நல்வரவு சொல்லப் போகிறேன்.

நீதி: உயரே போகத் திறமை வேண்டியதில்லை. கீழே நாலு பேர் இலை போட்டுக் காத்திருந்தால் போதும்.