பதினேழு முறை வழி தவறிய வெள்ளைக்காரர்

எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை என்று வீட்டில் இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். யாரும் நம்புவதில்லை. ஒரே பொய்யைப் பதினேழு பேருக்குப் பங்கிட்டுக் கொடுத்து, அத்தனையும் உண்மைதான் என்று எழுத்தில் உறுதியும் கொடுத்தவளை யார் நம்புவார்கள்?

மூன்று வருடங்களுக்கு முன் செங்கலடிப் பக்கம் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் (பெயர் வேண்டாமே, இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன்) தொழில் வழிகாட்டல் உதவியாளராகச் சேர்ந்தேன். வயது இருபத்தைந்து. பிள்ளைகளுக்கு வேலை தேடக் கற்றுக்கொடுப்பதுதான் என் வேலை. இந்தத் துறையில் என் அனுபவம்: வாழ்க்கையில் எழுதிய விண்ணப்பம் ஒன்று, கிடைத்த வேலை ஒன்று. அதுவும் இதே வேலைதான்.

அப்போதுதான் இந்த ஏஐ சாட்பொட் எங்கள் பக்கம் எட்டிப்பார்த்திருந்தது. நான் ஒரு கிழமை அதோடு பழகிவிட்டு, அதைக் கண்டுபிடித்தவளே நான்தான் என்பதுபோல நிலையத்துக்குள் நடமாடினேன்.

பாசிக்குடாப் பக்கம் ஒரு ஹோட்டலில் ஆறு பயிலுநர்கள் வேண்டும் என்று அறிவித்தல் வந்தது. எங்கள் பிள்ளைகள் பதினேழு பேர் ஆயத்தமானார்கள். பலருடைய வீட்டில் மாதாமாதம் சம்பளம் என்று ஒன்று வந்ததே இல்லை. ஆங்கிலத்தில் கடிதம் எழுத வேண்டும் என்றதும் எல்லோருடைய முகமும் சுருங்கிப்போனது.

"பயப்படாதீங்க. மிஸ் இருக்கிறன்தானே" என்றேன். (இந்த வசனத்தை இப்போது யாராவது சொன்னால் நான் அந்த இடத்தில் நிற்பதே இல்லை.)

சாட்பொட்டிடம் ஹோட்டல் வேலைக்கு ஒரு மாதிரிக் கடிதம் கேட்டேன். மனதைத் தொடும் சம்பவம் ஒன்றும் வேண்டும் என்றேன். அரை நிமிடத்தில் தந்தது. சிறுவயதில், ஓர் அடைமழை நாளில், நீல நிறப் பை சுமந்த வெளிநாட்டவர் ஒருவர் வழி தவறி நின்றாராம். அவரைக் கைபிடித்து அழைத்துப்போய் விட்டபோதுதான் விருந்தோம்பலே தன் வாழ்க்கை என்று விண்ணப்பதாரர் உணர்ந்தாராம். வாசித்து எனக்கே கண் கலங்கியது. வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "இதுதான் மாதிரி. உங்களுக்கு ஏற்றபடி மாற்றுங்கள்" என்று எழுதினேன்.

பிள்ளைகள் சொல் கேட்கிற பிள்ளைகள். எல்லோரும் மாற்றினார்கள். பெயரை.

பதினேழு கடிதங்களும் வந்து சேர்ந்தன. நான் ஒன்றையும் திறந்து பார்க்கவில்லை. விண்ணப்பங்களுக்கு மேலே வைக்க, நிலையத்தின் சார்பில் ஹோட்டலுக்கு ஒரு முகக் கடிதத்தையும் சாட்பொட்டையே எழுதச் சொல்லி, அதையும் வாசிக்காமல் எல்லாவற்றையும் ஒன்றாக அனுப்பிவிட்டு, நிம்மதியாகப் பிளேன்டீ குடித்தேன்.

நேர்முகத்துக்கு ஹோட்டல் மனேச்சர் எங்கள் நிலையத்துக்கே வந்தார். ஏறாவூர்க்காரர், றிஸ்வி என்று பெயர். பத்து வருடம் கட்டாரில் ஹோட்டல்களில் நின்றவர். எதற்கும் அவசரப்படாத மனிதர். நிலையத்தின் சார்பில் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள்.

முதலில் வந்தவன் சித்தாண்டிக் கஜன்.

"தம்பி, அந்த வெள்ளைக்காரர் எங்க வழி தவறி நின்டவரு?"

"கோயில் வீதியில, சேர்."

மனேச்சர் ஒரு வெள்ளைத்தாளில் புள்ளி வைத்துச் 'சித்தாண்டி' என்று எழுதினார். அடுத்தவனிடமும் அதையே கேட்டார். "கல்லடிப் பாலத்தில, சேர்." இன்னொரு புள்ளி. அடுத்தவன் வவுணதீவு என்றான். அதற்கடுத்தவள் கிரான் என்றாள். ஐந்தாவது ஆளோடு தாளில் மட்டக்களப்பு வாவியைச் சுற்றி ஒரு முழு வரைபடமே உருவாகிவிட்டது. எனக்கு அப்போதுதான் விசயம் விளங்கியது. மின்விசிறிக்குக் கீழே இருந்தும் வேர்த்து ஊற்றியது.

"பாவம் மனுசன்" என்றார் மனேச்சர் என்னிடம், மெதுவாக. "நனைஞ்சி நனைஞ்சி மாவட்டம் முழுக்க நடந்திருக்காரு. ஒரு பஸ்ஸாவது ஏத்தி விட்டிருக்கலாமே மிஸ்?"

ஆறாவது ஆளிடம், "அவரோட இப்பயும் தொடர்பு இருக்கா?" என்று கேட்டார். பையன் தடுமாறி, தொடர்பை ஒரேயடியாக வெட்டுவதுதான் பாதுகாப்பு என்று நினைத்திருக்க வேண்டும். "இல்ல சேர். போன வருசம் மோசம் போயிட்டார்" என்று ஆளையே சாகடித்துவிட்டான்.

ஏழாவதாக வந்தவளிடமும் அதே கேள்வி.

"ஓம் சேர், நேத்தும் வாட்ஸ்அப்பில கதைச்சவர்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் மனேச்சர். "சுகமா இருக்காராமா?"

அவள் போனதும் மனேச்சர் கோப்பிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து எனக்குக் காட்டினார். யாரோ ஒரு மகராசன் சாட்பொட் சொன்ன கடைசி வரியையும் சேர்த்தே அனுப்பியிருந்தான்: 'இந்தச் சம்பவத்தை இன்னும் உருக்கமாக எழுதித் தரட்டுமா?'

அதோடு விட்டாரா? அடுத்ததாக என்னுடைய முகக் கடிதத்தை எடுத்தார். ஆங்கிலத்தில் வாசித்துவிட்டு, எனக்கு விளங்கவில்லையோ என்ற கரிசனையில் தமிழிலும் சொன்னார்.

"'ஒவ்வொரு சம்பவத்தையும் நானே நேரில் விசாரித்து உண்மை என உறுதிப்படுத்தினேன்.' இது நீங்க எழுதினதா மிஸ்?"

மேசைக்குக் கீழே புகுந்துகொள்ளலாமா என்று பார்த்தேன். சின்ன மேசை. "இல்ல சேர்" என்றேன். "அதையும் அதுதான் எழுதினது. நான் வாசிக்கல்ல." குரல் எனக்கே கேட்கவில்லை. என் சோம்பலுக்காகப் பதினேழு பிள்ளைகளுக்கும் கதவு மூடப்போகிறதே என்ற நினைப்புத்தான் மனதில் ஓடியது.

அந்த நேரம் பார்த்து உன்னிச்சைத் தர்மினி உள்ளே வந்தாள். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை. மனேச்சர் வெள்ளைக்காரரைப் பற்றிக் கேட்டதும் என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து சொன்னாள்:

"சேர், நான் ஒரு வெள்ளைக்காரரையும் கிட்டக் கண்டதே இல்ல. அது மிஸ் அனுப்பின கடிதம். எனக்கு இங்கிலீசு வராது, அதான் அப்படியே தந்தன்."

"சரி. அப்ப நீங்க ஆரையாவது கவனிச்சிருக்கீங்களா புள்ள?"

"குளத்துக் கதவு திறந்தா தண்ணி ரோட்ட மூடிரும் சேர். எங்கட வீடு மேடு. சனமெல்லாம் அங்கதான் வரும். போன மழைக்கு இருபத்தொரு பேர், நாலு நாள். அம்மாக்குக் காய்ச்சல், நான்தான் பாத்தன். ஆருக்குச் சீனி வருத்தம், ஆருக்குப் பால்மா வேணும் எண்டு பாக்கோணும். அதைவிட, ஆர் ஆரோட கோவம் எண்டு பாத்துத்தான் பாய் போடோணும். மாறிப் போட்டா விடியும்வரைக்கும் சண்டை."

மனேச்சர் பேனையை வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "ஆர் ஆரோட கோவம் எண்டு பாத்து றூம் குடுக்கிற ஆளத்தான் மிஸ் நான் பத்து வருசமாத் தேடுறன்!"

அதன் பிறகு போனவர்களையும் திரும்பக் கூப்பிட்டார். கடிதங்களை மூடி வைத்துவிட்டு, "உண்மையா என்ன செஞ்சீங்க, அதச் சொல்லுங்க" என்றார். கஜன் தகப்பனோடு தோணியில் போய் மீனைப் பிடித்த கையோடு பாசிக்குடாவில் ஹோட்டல்களுக்கே விற்கிறவனாம். ஆறு மாதமாக அவனுக்குப் பாடம் எடுத்த எனக்கு அது தெரியாது. ஆறு இடத்துக்கும் எங்கள் பிள்ளைகளையே எடுத்தார். போகும்போது என்னிடம், "அடுத்த வருசமும் அனுப்புங்க மிஸ். வெள்ளைக்காரர மட்டும் நாங்க பாத்துக்கிறம்" என்றார்.

சாட்பொட்டை நான் விட்டுவிடவில்லை. இப்போதும் பிள்ளைகளுக்கு அதைக் காட்டிக்கொடுக்கிறேன். ஆனால் முதலில் அரை மணித்தியாலம் அவர்களைக் கதைக்கவிட்டுக் கேட்டு எழுதிக்கொள்கிறேன். ஆங்கிலத்தைத் திருத்துவது மட்டும்தான் அதன் வேலை.

ஆனாலும் செங்கலடி முழுக்க எனக்கு 'வெள்ளைக்கார மிஸ்' என்று பெயர் ஒட்டிவிட்டது. அடுத்த வருடம் என்னைப் பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையின் மாமா அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, அக்கம்பக்கத்தில் விசாரித்ததாகவும், "புள்ளைக்கு ஒரு வெள்ளைக்காரரோட ஏதோ…" என்றும் இழுத்திருக்கிறார்.

அம்மா கொஞ்சமும் அசரவில்லை. "ஓம், ஒராள் இருந்தார்தான். மழைக்குள்ள வழி மாறிட்டாராம். பதினேழு பேர் கைபிடிச்சுக் கூட்டிக்கொண்டு போய் விட்டவங்க. மறுகா அவர் இந்தப் பக்கம் வரல்ல" என்றாராம்.

கதவுக்கு அந்தப் பக்கம் நின்ற மாப்பிள்ளை சிரித்த சிரிப்பில் குடித்த தேத்தண்ணி புரையேறிவிட்டது. அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் நான் சம்மதம் சொன்னேன். இப்போது நான் வேலை முடிந்து வரக் கொஞ்சம் சுணங்கினாலும் போதும், அந்த மனிதர் அழைப்பெடுத்துக் கேட்பது ஒன்றுதான்:

"என்ன, ஆரையும் கொண்டுபோய் விட்டுட்டு வாறியா?"