சேட்டிலைட் அண்ணா வாங்கிய வழிகாட்டி

தினமும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், அதுவும் ஒரே நெடுஞ்சாலையில் நேராகப் போய் நேராகத் திரும்புவதற்கு, வானத்தில் சுற்றும் அத்தனை செயற்கைக்கோள்களையும் வேலைக்கு அமர்த்திக்கொண்ட மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் ஆம்பூரில் எங்கள் ஷூ கம்பெனியின் கட்டிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. மற்ற எல்லா இடத்திலும் அவர் சேட்டிலைட் அண்ணாதான்.

வீடு மாதனூர். காலையில் வண்டியை ஒரு பக்கம் திருப்பினால் கம்பெனி, சாயங்காலம் மறுபக்கம் திருப்பினால் வீடு. எருமை மாட்டை அவிழ்த்துவிட்டால்கூடத் தானாகப் போய்ச் சேர்ந்துவிடும். அப்படிப்பட்டவர் ஒருநாள் கேன்டீனில் என் எதிரே உட்கார்ந்து, "பைக்குக்கு நல்லதா ஒரு ஜி.பி.எஸ். வாங்கணும்மா. எது வாங்கலாம் சொல்லு" என்றார். நான் அப்போது மெர்ச்சண்டைசிங்கில் புதிது. ஷூ வாங்கும் வெளிநாட்டு பையர்களுக்கு மெயில் அனுப்புகிற பெண்ணுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

"ஃபோன்லயே மேப் இருக்குதே அண்ணா?"

கேட்டிருக்கக் கூடாது. சாம்பார் ஆறிப்போயிற்று.

"ஃபோனா? ஹேண்டில்ல மாட்டுனா வண்டி குலுக்குற குலுக்குல கேமரா போய்டும். வெயில்ல ஸ்கிரீன் தெரியாது. மழை பேஞ்சா ஒவ்வொரு சொட்டும் தானா டச் பண்ணும், எங்கெங்கியோ இட்டுனு போவும். கிளவுஸ் போட்டா நாம டச் பண்ண முடியாது. எல்லாத்துக்கும் மேல, கரெக்டா திரும்பற எடத்துல உங்க அண்ணி ஃபோன் பண்ணுவா. மேப் போய்டும், அவ போட்டோ வந்துடும். நான் எந்தப் பக்கம் திரும்பறது?"

"வூட்டுப் பக்கம்!" என்று பின் பெஞ்சிலிருந்து யாரோ கத்தினார்கள். அண்ணா சிரிக்கவில்லை. ஆராய்ச்சியாளர்கள் சிரிப்பதில்லை.

அந்த ஆராய்ச்சி ஒரு வருஷத்துக்கு மேல் நடந்தது. அதற்குள் எங்கள் செக்‌ஷனில் ஒரு பெண்ணுக்கு வரன் பார்த்து, கல்யாணமாகி, அவள் மசக்கை லீவும் போட ஆரம்பித்துவிட்டாள். அண்ணா இன்னும் "ஸ்கிரீன் அஞ்சு இன்ச்சா, ஆறு இன்ச்சா" என்ற கட்டத்திலேயே நின்றார். கட்டிங்கில் மிஞ்சிய தோல் துண்டுகளில் வகைவகையாகக் கிளவுஸ் தைத்து, யார் ஃபோன் கிடைத்தாலும் தடவிப் பார்த்தார். எங்கள் லேபில் ஷூவின் அடிப்பாகத்தை விடாமல் மடக்கி மடக்கிச் சோதிக்கும் மெஷின் ஒன்று உண்டு. அதில் ஃபோனைக் கட்டி ஓடவிட்டு, "பாத்தியா, தாங்கல!" என்று வெற்றியோடு காட்டினார். தாங்காமல் போனது ஹெச்.ஆர். மேடத்தின் ஃபோன். அன்றைக்கு அண்ணாவும் அவ்வளவாகத் தாங்கவில்லை.

வாணியம்பாடியில் பைக் சாமான் விற்கும் பாய் ஒருவர்தான் இதில் உண்மையாகவே பாதிக்கப்பட்டவர். அண்ணா வாராவாரம் போய் எல்லாப் பெட்டிகளையும் திறந்து, சாதனத்தை வெயிலில் பிடித்து, கவிழ்த்து, தண்ணீர் தெளித்து, திரும்ப மூடி வைத்துவிட்டு வருவார். ஒருநாள் நானும் கூடப் போயிருந்தேன். பாய் கும்பிடாத குறை.

"சார், நான் என் பொண்ணுக்கு மாப்ளைய ஒரே நாள்ல முடிச்சேன். நீங்க இன்னா சார், இவ்ளோ பேஜார் பண்றீங்க?"

"மாப்ள தப்பான ரோட்ல போனா திருத்தலாம் பாய். இது போனா நாமளும் கூடவே போவணுமே."

கடைசியில் ஒன்றை வாங்கினார். கிளவுஸ் போட்டுத் தொடலாம், மழையில் நனையலாம், வண்டி பேட்டரியிலேயே ஓடும், சிக்னல் இல்லாத காட்டிலும் மேப் தெரியும், ஹெல்மெட்டுக்குள் ஒரு பெண் குரலில் ஆங்கிலத்தில் வழி சொல்லும். அண்ணி போட்டோ வராது. கம்பெனி வாசலில் கற்பூரம் காட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துத் துவக்க விழா நடத்தினார். அதன் பிறகு மாதனூர் வீட்டுக்கு அந்த மெஷின் சொல்லித்தான் போனார், அந்த மெஷின் சொல்லித்தான் வந்தார். பால் பாக்கெட் வாங்கக் கிளம்பினாலும் கடை பெயரை அதில் தட்டாமல் ஸ்டாண்டை எடுக்க மாட்டார்.

இப்படி ஊருக்குள் சுகமாக இருந்த மெஷினுக்கு ஒருநாள் நிஜமான வேலை வந்தது.

ஜெர்மனியிலிருந்து வந்த பையர் ஒருவர், எங்கள் பெண்கள் பூட்ஸ் சாம்பிளின் நிறம் சரியில்லை என்று சொல்லிவிட்டு வேலூர் ஓட்டலுக்குப் போய்விட்டார். மறுநாள் மத்தியானம் அவர் சென்னைக்குக் கிளம்புவதற்குள் புது சாம்பிளைக் காட்டினால் ஆர்டர், இல்லாவிட்டால் இல்லை. ராத்திரியே ஆரம்பித்துச் செய்த சாம்பிள் கைக்கு வந்தபோது கம்பெனி வேன் கிளம்ப மறுத்தது. "இந்த ஆர்டர் போச்சுன்னா புது லைனை நிறுத்திட வேண்டியதுதான்" என்றார் மேனேஜர். பூட்ஸ் தைக்கும் அந்தப் புது லைனில் இருந்த பெண்கள் தினமும் என்னோடு கம்பெனி பஸ்ஸில் வருகிறவர்கள். அவர்களில் பாதிப் பேருக்கு அது முதல் வேலை.

"நான் இட்டுனு போறேன் சார்" என்றது ஒரு குரல். மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். வேறு வழியில்லை. நான் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அண்ணா பின்னால் ஏறினேன்.

ஆம்பூரிலிருந்து வேலூருக்குப் போக நெடுஞ்சாலையில் ஏறினால் போதும். திருப்பம்கூட வேண்டாம். அண்ணா மாதனூரில் வலது பக்கம் திரும்பினார்.

"அண்ணா, வேலூர் நேரா போவணும்!"

"இது திரும்ப சொல்லுதும்மா. ஷார்ட் கட்டா இருக்கும்."

ஒடுகத்தூர் தாண்டியதும் ரோடு ஒல்லியானது. பிறகு ரோடு இல்லை, பாதை. பிறகு பாதை என்று நம்பிக்கொள்ள வேண்டிய ஒன்று. எதிரே மலை. அப்போதுதான் அவர் வண்டியை நிறுத்தி செட்டிங்கைப் பார்த்தார். பைக் ஓட்டுகிறவர்களுக்கென்றே அதில் ஒரு வசதியாம்: நேரான ரோட்டைத் தவிர்த்து, வளைவும் மேடும் உள்ள வழியாகத் தேடித் தேடிக் கூட்டிப்போகும். சாகசப் பயணம் என்று பெயர். வாங்கிய நாளிலேயே அண்ணா அதைப் போட்டு வைத்திருக்கிறார். மாதனூருக்கும் ஆம்பூருக்கும் நடுவே சாகசத்துக்கு இடமே இல்லாததால் இத்தனை நாள் வெளியே தெரியவில்லை.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் எங்களையே பார்த்தார். "எங்க போவணும் சார்?"

"வேலூருக்கு."

"அப்ப இங்க இன்னாத்துக்கு வந்தீங்க?"

அண்ணா கையை நீட்டி மெஷினைக் காட்டினார்.

வண்டியைத் திருப்புவதற்குள் பின்சக்கரம் ஓடை மணலில் புதைந்தது. தள்ளினேன். செருப்பு வார் அறுந்தது. கீழே முள்ளும் கொதிக்கிற கல்லும். அண்ணா என் காலைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார்.

"சாம்பிள் முப்பத்தேழு தானே? உன் சைஸ்தாம்மா."

"அண்ணா! அது ஆர்டர்!"

"கால் கிழிஞ்சா ஆர்டரை வெச்சினு இன்னா பண்ணப் போறே? போடு."

போட்டேன். ஒரு நாடே காத்திருக்கும் பூட்ஸைப் போட்டுக்கொண்டு மணலில் வண்டி தள்ளினேன், மேடேறினேன், ஓடை நீரில் இறங்கினேன். அழுதேன் என்றும் சொல்ல வேண்டும். அண்ணா சாகசத்தை அணைத்துவிட்டு, நேராக வேலூருக்கு ஓட்டினார்.

ஓட்டல் வாசலில் பையரின் பெட்டிகள் காரில் ஏறிக்கொண்டிருந்தன. நான் பூட்ஸைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். சேறு, கீறல், அடியில் ஒரு முள். அவர் அதையும் என் கையிலிருந்த அறுந்த செருப்பையும் மாறி மாறிப் பார்த்தார். நடந்ததை ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் கைக்குட்டையால் சேற்றைத் துடைத்தார். நிறம் போகவில்லை. அடிப்பாகத்தை இழுத்துப் பார்த்தார். விடவில்லை. தையலைக் கண்ணருகே கொண்டுபோனார். எவ்வளவு தூரம், எந்த மாதிரித் தரை என்று கேட்டார்.

அண்ணா அதற்காகவே பிறந்தவர்போல மெஷினைக் கழற்றி நீட்டினார். நாங்கள் போன வழி முழுவதும், மேடு பள்ளத்தோடு, அதில் கோடாகப் பதிவாகியிருந்தது. பையர் அதைப் புகைப்படம் எடுத்துக்கொண்டார். பூட்ஸைத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டு, என் கையைக் குலுக்கினார்.

புது லைன் நிற்கவில்லை. அடுத்த மீட்டிங்கில் மேனேஜர், "எந்த மாடலா இருந்தாலும் மலைப்பாதைல நடந்து பாத்துட்டுத்தான் அனுப்பறது நம்ம கம்பெனி வழக்கம்" என்று கம்பீரமாகப் பேசினார். வழக்கத்தை உண்டாக்கியவருக்கு, அனுமதியில்லாமல் வழி மாறியதற்காக மெமோ வந்தது.

சில வருஷம் கழித்து நான் கல்யாணமாகி வேலூரில் குடியேறி, ஸ்கூட்டரில் வந்துபோக ஆரம்பித்தேன். பிறகு ராணிப்பேட்டையில் வேலை கிடைத்தது. ஆம்பூரில் என் கடைசி நாள் சாயங்காலம் பேய்மழை. லாரி அடித்துவிட்டுப் போகும் தண்ணீரில் ரோடே தெரியவில்லை. "என் பின்னாடியே வாம்மா" என்று அண்ணா முன்னால் போனார். மாதனூர் வந்தது. அவர் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. பள்ளிகொண்டா வந்தது, போனது. அந்தச் சிவப்பு விளக்கு என் முன்னால் மெதுவாக, மிக மெதுவாகப் போய்க்கொண்டே இருந்தது. எங்கள் தெருமுனையில்தான் நின்றது.

"ஏண்ணா இவ்ளோ தூரம்?"

"ச்சே, உனக்காக இல்லம்மா. மழைல சிக்னல் எப்டி இருக்குதுன்னு பாக்கலாம்னு."

முகத்தைத் துடைக்க ஹெல்மெட்டைக் கழற்றினார். உள்ளேயிருந்து அந்தப் பெண் குரல் எனக்கும் கேட்டது. வண்டியைத் திருப்பு, வண்டியைத் திருப்பு என்று ஆங்கிலத்தில் மன்றாடிக்கொண்டிருந்தது. மாதனூரிலிருந்தே அப்படித்தான் சொல்லி வந்திருக்கும். மெஷின் பேச்சை ஒருநாளும் தட்டாத மனிதர், அன்றைக்கு வேலூர் வரைக்கும் அதைக் காதில் வாங்கவே இல்லை.