கொதித்துப்போன கோழிப்பொடி

சமையலில் பேர் வாங்கியவளுக்கு ஒரு வியாதி உண்டு. கையில் எது கிடைத்தாலும் அடுப்பில் ஏற்றிவிடுவாள். எனக்கு அது முற்றிப்போய்க் கோழித் தீவனம்வரை வந்துவிட்டது.

குற்றாலத்தில் ஹோட்டல் வைத்திருக்கும் அண்ணாச்சி, சாரல் சீசனுக்கு முன்னால் வந்து என் கோழிகளைத் தூக்கிப் பார்த்தார். "என்ன ஆச்சி, வெறும் இறகுதான கெடக்கு? அருவில தண்ணி விழுததுக்குள்ள தேத்துங்க. இல்லன்னா செங்கோட்டையில வாங்கிக்கிடுதேன்." தென்காசியிலேயே நாட்டுக்கோழி என்றால் நான்தான் (நானே சொல்லிக்கொண்டதுதான்). மானம் என்ன ஆவது?

எச்சத்தைக் குச்சியால் கிளறினேன். தின்ற கம்பு பாதி அப்படியே கிடந்தது. ஏன் இப்படி? கால்நடை டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டேன். "தானியத்துல உள்ள நார் கோழிக்குச் செரிக்காது ஆச்சி. இந்த என்சைம் பொடி அதை உடைச்சுக் கொடுக்கும். தீவனத்துல கலந்து வைங்க" என்று ஒரு பொட்டலம் தந்தார். வயிற்றுக்குள் போய் நாரைத் தேடிப் பிடிக்கிற பொடியா! மோந்து பார்த்தேன். கொஞ்சம் நக்கியும் பார்த்தேன் (அன்று எனக்கு நன்றாகவே பசித்தது).

"அத்தே, அப்படியே கலக்கத்தான சொன்னாவ?" என்றாள் மருமகள் செல்வி.

"ஏட்டி, பச்சையா தின்னா வயித்த வலிக்காதா?" என்று கம்புக் குருணையோடு பொடியையும் போட்டுத் தளதளவென்று கூழ் காய்ச்சினேன். தினமும் அதே விருந்து. எச்சம்தான் தண்ணியாய்ப் போனது. சதை பிடிக்கவில்லை.

அருவியில் தண்ணி விழுந்தது. அண்ணாச்சியும் வந்தார். "ஆச்சி, இருந்த இறகும் கொறஞ்சிருக்கே!"

எனக்கு ரோஷம். எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு டாக்டரம்மாவைப் பிடித்தேன். "ஒங்க பொடி சுத்தப் பொய்!"

"எப்படிக் கொடுத்தீங்க ஆச்சி?"

"நல்லா கொதிக்க வச்சு, அடிபிடிக்காமக் கிண்டி, பதமா இறக்கி…"

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "ஆச்சி, என்சைம் சூடு தாங்காது. கொதிச்சதுமே செத்திருக்கும்."

"ஆத்தாடி, பொடிக்கு உசுரு இருந்துச்சா?"

"உசுரெல்லாம் இல்ல. கொதிச்சா உருக்கொலஞ்சிரும், வேலை செய்யாது."

அண்ணாச்சி சிரித்துக்கொண்டே செங்கோட்டைக்கு வண்டியைத் திருப்பினார்.

அப்புறம் ஆறிய தீவனத்தில் பொடியை அப்படியே தூவினேன். கோழிகள் கொழுத்தன. அடுத்த சாரலில் இருந்து அண்ணாச்சி வேறு எங்கேயும் போவதில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் கோழியைக் கூடையில் வைக்குமுன் முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டு கேட்பார்:

"ஆச்சி, இத நாங்க வேக வைக்கணுமா, இல்ல நீங்களே வச்சிட்டியளா?"

அவர் முடிக்குமுன்னே அடுப்படியில் செல்வி சிரித்துவிடுவாள்.