அப்பவே சொன்ன ஹாப்டே

'அப்பவே சொன்னேன்' என்றொரு இனம் உலகெங்கும் உண்டு. காரியம் நடக்கும்வரை கூட்டத்தில் புகை பைப்பைக் கடித்துக்கொண்டு, கூரையைப் பார்த்துக்கொண்டு, எதற்கும் இரண்டு பக்கமும் தலையாட்டி வைத்துவிட்டு, முடிந்த மறுநிமிடமே வாயைத் திறக்கும். அப்புறம் மூடாது. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் பக்கத்து மோட்டார் தொழிற்சாலை ஒன்றின் வரைபட அறைத் தலைவர் ஹாப்டே அதில் முதல் தரம்.

சூயஸ் கால்வாய் அடைபட்டு பெட்ரோல் ரேஷனுக்குப் போனபின், நாலு பேரை ஏற்றிக்கொண்டு பத்தடிக்குள் அடங்கும் குட்டிக் கார் ஒன்று அங்கே உருவாகிக்கொண்டிருந்தது. இன்ஜினைக் குறுக்கே திருப்பி வைத்தபோது "ஓடவே ஓடாது" என்று சிரித்தார் ஹாப்டே. ஓடியது. "ஓடும்னு நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார், டீயில் பிஸ்கட்டை நனைத்தபடி. வெட்கமா? அவருக்கா!

அங்கே வரைபடங்களை நகலெடுப்பவள் ஈனிட் டக்கி. தானே படம் வரையத் தனக்கென்று ஒரு வரைபலகை வேண்டும் என்பது அவளுடைய ஆறு வருட ஆசை. ஒருநாள் காரின் தரைத் தகட்டுப் படத்தோடு ஹாப்டே முன் வந்து நின்றாள்.

"சார், ரெண்டு தகடும் சேர்ற எடத்துல இடுக்கோட வாய் முன்பக்கம் பாத்து இருக்கு. மழையில போனா தண்ணிய அள்ளி உள்ள ஊத்தும்."

"ஏம்மா, கோட்டு மேல கோடு போடறதுதான உன் வேலை? சோதனை ஓட்டத்துல ஒரு சொட்டு வரலையே!"

எப்படி வரும்? சோதனை முழுக்க நல்ல வெயிலில். ஹாப்டே கையெழுத்துப் போட்டார்.

மழைக்காலம் வந்தது. காரை வீட்டுக்கு ஓட்டிப்போய்ப் பார்த்த இயக்குநர் பிரின்லி, மறுநாள் கூட்டத்தில் ஈரக் காலுறையை மேசைமேல் பொத்தென்று போட்டார்.

"இத யாருமே கவனிக்கலையா?"

"நான் அப்பவே சொன்னேன் சார்!" பழக்கதோஷம்.

"அப்படியா? படத்துல உங்க கையெழுத்துதானே இருக்கு?"

படங்களோடு ஓரமாக நின்ற ஈனிட்டைக் கைகாட்டினார் ஹாப்டே. "இந்தப் பொண்ணுகிட்ட திருத்தச் சொன்னேன் சார். காதுல வாங்கினாத்தானே!"

"பொய் சார்! சொன்னதே நான்தான்!" என்று கத்தினாள் ஈனிட். நகலெடுப்பவள் பேச்சு எந்தச் சபையில் ஏறும்? தகட்டைத் திருத்தும் குழுவுக்கு ஹாப்டே தலைவரானார். வரைபலகைக் கனவை உதறிவிட்டு ஈனிட் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியேறினாள். அவள் கதவைச் சாத்துவதற்குள், "இவ நிலைக்க மாட்டான்னு..." என்று ஆரம்பித்துவிட்டார் மனுஷன்.

சிரிக்கிறீர்களா? பழியை அந்தப் பெண் தலையில்தான் கட்டுவார் என்று பாதியிலேயே தெரிந்துவிட்டது என்கிறீர்களா? வாருங்கள், ஹாப்டேவுக்குப் பக்கத்து நாற்காலி காலிதான்.